எலும்பு ஒட்டின் பலனை அளத்தல்: ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்களுக்கு

பற்சீரமைப்பில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலைப் பட்டம்) படித்தபோது, உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ள குழந்தைகளுக்கு மேல்தாடையில் வைக்கப்பட்ட எலும்பு ஒட்டு எவ்வளவு நிலைத்திருக்கிறது என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். இதே தலைப்பை நாடும் இளையவர்கள் முதலில் கேட்பது எந்த அளவுகோலைப் பயன்படுத்தலாம் என்பதைத்தான். கையிலுள்ள எக்ஸ்-ரே எடுக்கப்பட்ட நாளில் கோரைப்பல் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

இடுப்பெலும்பின் முகட்டிலிருந்து எடுத்த பஞ்செலும்பைப் பிளவில் நிரப்பும் இந்தச் சிகிச்சைக்கு, பாயினும் சாண்ட்ஸும் 1972இல் வெளியிட்ட கட்டுரை வழிகோலியது. கோரைப்பல்லின் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உருவாகியிருக்கும் பருவத்தில், பெரும்பாலும் 9 முதல் 11 வயதுக்குள், இதைச் செய்கிறார்கள். ஒட்டிய எலும்பின் வழியே அந்தப் பல் இறங்கி வரும்போது சுற்றியுள்ள எலும்பும் மாறி அமைகிறது. ஆகவே அறுவை முடிந்து 6 மாதத்தில் எடுத்த படமும், கோரைப்பல் முழுவதும் முளைத்த பின் எடுத்த படமும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. அவற்றை ஒரே அட்டவணையில் கலந்தால் சராசரிக்குப் பொருளே இராது.

ஆஸ்லோவின் பெர்க்லண்ட் குழுவினர் 1986இல் தந்த அளவுகோல், பிளவின் இருபுறப் பற்களுக்கும் இடையிலுள்ள எலும்புச் சுவரின் உயரத்தைப் பார்க்கிறது: ஏறத்தாழ இயல்பான உயரம் முதல் வகை, நான்கில் மூன்று பங்காவது இருந்தால் இரண்டாவது, அதற்கும் குறைந்தால் மூன்றாவது, எலும்புப் பாலமே இல்லாவிட்டால் நான்காவது. கோரைப்பல் முளைத்த பிறகே இதைப் பயன்படுத்த வேண்டும். கிண்டலன் குழுவினர் 1997இல் தந்த அளவுகோல் பிளவு எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதால், பால் பற்களும் நிலைப் பற்களும் சேர்ந்திருக்கும் கலப்புப் பல் பருவத்திலேயே பொருந்தும். அதில் 75 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் முதல் தரம். எலும்பு வேரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் தேவையானால், வேரை நான்காகப் பகுத்துக் குறிக்கும் செல்சீ அளவுகோலை நாடலாம். பல்லின் கழுத்துப் பகுதியில் எலும்பு உண்டா, வேர் நுனிப்பக்கம் மட்டும்தானா என்பது பல்லை நகர்த்தப்போகும் நமக்கு முக்கியம் என்பதால், பற்சீரமைப்பு மாணவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

தட்டையான எக்ஸ்-ரே உயரத்தைக் காட்டுமே தவிர, உதட்டுப்பக்கத்திலிருந்து அண்ணப்பக்கம் வரையுள்ள தடிமனைக் காட்டாது. முப்பரிமாணத்தில் படமெடுக்கும் சிபிசிடி ஸ்கேன் அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆயினும் பிளவின் எல்லையை மனிதரே வரைய வேண்டியிருப்பதால் கனஅளவும் வரைபவரைப் பொறுத்து மாறும்; எல்லை வகுத்த விதியை ஆய்வேட்டில் தெளிவாக எழுதிவிடுங்கள். ஆய்வேட்டுக்காக மட்டும் ஒரு குழந்தைக்குக் கூடுதல் கதிர்வீச்சு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சிகிச்சைக்கென எடுத்த படங்களே போதும்.

பழைய கோப்புகளைத் திரட்டும்போது, படம் சரியாக இல்லாதவர்களையும் தொடர்ந்து வராதவர்களையும் சத்தமில்லாமல் நீக்கிவிடும் ஆசை எழும். ஒட்டு தோற்றவர்கள் வராமல் போயிருக்கவும் கூடும், தோல்வி கண்டவர்களுக்கு மட்டும் மீண்டும் படம் எடுத்திருக்கவும் கூடும். எந்தப் பக்கமானாலும் முடிவு சாய்ந்துவிடும். எத்தனை பேர், எந்தக் காரணத்தால் விடுபட்டார்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மதிப்பிடுபவர் இருவராவது வேண்டும். அவர்களில் ஒருவரும் அறுவை செய்தவராக இருக்கக் கூடாது. படங்களின் பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் மதிப்பிட்டு, மதிப்பீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எடையிட்ட கப்பா மதிப்பைக் கணக்கிடுங்கள். தரங்களுக்கு ஏறுவரிசை இருப்பதால் ஒரு தரம் பிசகுவதும் மூன்று தரம் பிசகுவதும் ஒன்றல்ல; வெறும் ஒப்புதல் சதவீதம் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இருபக்கப் பிளவைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். ஒரே குழந்தையின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று சாராத தரவுகள் அல்ல. பிளவுகளை எண்ணினீர்களா, குழந்தைகளை எண்ணினீர்களா, அதற்கேற்ற புள்ளியியல் முறையைத் தேர்ந்தீர்களா என்பதைத் தரவு திரட்டும் முன்பே வழிகாட்டியுடனும் புள்ளியியல் வல்லுநருடனும் பேசி முடிவுசெய்து, ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.