722 என்றால் என்ன?

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் கடைச் சுவரில் பழைய வெள்ளி நிற ரேஸ் கார் படம் ஒட்டியிருக்கிறது. முகப்பில் சிவப்பில் 722. எஞ்சின் நம்பரா, மாடல் நம்பரா என்று அங்கே பெரிய விவாதம். இரண்டும் இல்லை. காலை 7.22-க்குக் கிளம்பிய வண்டி, அவ்வளவுதான்!

1955 மே 1, இத்தாலியின் மில்லே மிலியா பந்தயம். பிரெஷியாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்ப வேண்டும், சுமார் 1,600 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னை போய், திரும்பி, மறுபடி சென்னை போனாலும் அவ்வளவு தூரம் வராது. அதுவும் தனி டிராக் கிடையாது, ஊர்களுக்குள் போகும் சாதாரண ரோடு. பிரிட்டிஷ் ரேஸ் டிரைவர் ஸ்டிர்லிங் மாஸ் அதை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். அவர் ஓட்டியது அந்த 722 வண்டிதான், மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல்!

எனக்கு மாஸை விடப் பிரமிப்பு பக்கத்து சீட்டில் இருந்த டெனிஸ் ஜென்கின்சன் மேல்தான். தாடி வைத்த பத்திரிகையாளர். முன்கூட்டியே மாஸோடு அந்தப் பாதையில் போய்ப் பார்த்து, வளைவு, மேடு, பாலம் எல்லாவற்றையும் நீளமான காகிதச் சுருளில் குறித்து, சின்னப் பெட்டிக்குள் உருட்டி வைத்திருந்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சைகைதான். வழியில் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்ட, மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட்டது. மனுஷன் கையோடு இன்னொன்று வைத்திருந்தார்! மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு எப்படித் திரும்புகிறது என்று தெரியாமலேயே, அவர் கையை நம்பி ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கிறார் மாஸ். இன்றைக்கு கார் ராலியில் கோ-டிரைவர் நோட்ஸ் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜென்கின்சன் ஞாபகம்தான் வரும்.