மாசி வீதிக் கடைகளுக்குப் பின்னால் சில முற்றங்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். கோபுரம் அப்படி. எனக்கென்னவோ இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு இடையில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில், பாதி திறந்து கிடக்கும் மரக்கதவுகள் மீதுதான் கண். இந்த முறை கோயிலுக்குள் போகாமலே அந்தக் கதவுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊரின் அமைப்பு தெரிந்தால் இந்தக் கதவுகள் புரியும். நடுவில் கோயில், மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரங்கள். கடைசியில் வெளி வீதிகள். அங்கேதான் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். பிளாக்பர்னுக்கு ஒரு விளக்குத்தூண் கிடைத்தது. மதுரைக்காரர்களுக்கு ‘விளக்குத்தூண்’ என்றாலே போதும், யார் நினைவாக என்று யாரும் கேட்பதில்லை.

மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓட வேண்டும், அதனால் அகலம். ஆனால் அந்த வீதியைப் பார்த்த மனை முகப்புக்கு என்றைக்கும் கிராக்கி. எனவே வீடுகள் முன்னால் ஒடுங்கி உள்ளே நீண்டு போகின்றன. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர். வெளிச்சமும் காற்றும் மேலேயிருந்து இறங்கினால்தான் உண்டு. முற்றம் வந்தது அதற்காகத்தான்.

கீழ மாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனது. மிளகாய் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே ஒரு சந்துக்குள் திரும்பினேன். கதவைத் தாண்டி இருட்டாக ஒரு நடை, அது முடிந்ததும் பளீரென்று வெயில். மதுரையில் இதைக் காம்பவுண்டு என்பார்கள். நடுவில் பொதுவாசல், சுற்றிலும் சின்னச் சின்னக் குடித்தனங்கள். மூலையில் சிமெண்டுப் பலகை போட்டு மூடிய கிணறு, அதன்மேல் மோட்டார், பக்கத்தில் துருப்பிடித்த அடிகுழாய், வரிசை போட்ட பிளாஸ்டிக் குடங்கள்.

“யாரத் தம்பி தேடுறீங்க?”

“யாரையும் இல்லக்கா. கதவு பழசா இருந்துச்சு, உள்ள எப்படி இருக்கும்னு…”

“இதுல பாக்க என்ன இருக்கு? சரி, வெயில்ல நிக்காம இங்கிட்டு வாங்க.”

தண்ணீர் கொடுத்தார். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எங்கே சாப்பாடு என்று விசாரணை முடிந்த பிறகுதான் நான் கேட்க முடிந்தது. போன மாதம் இந்த வாசலில்தான் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பாம். “மண்டபம் புடிச்சா எம்புட்டு ஆகும்? பந்தலப் போட்டோம், முடிஞ்சிருச்சு.” சடங்கு, துக்கம், வத்தல் காயப்போடுவது, பிள்ளைகளின் கிரிக்கெட் எல்லாம் அங்கேதான். யார் கொடியில் யார் துணி காயலாம் என்பதில் மட்டும் அவ்வப்போது சண்டை வருமாம்.

இரண்டு வாசல் தள்ளி இன்னொரு பழைய வீடு. தேக்குத் தூண்கள் அப்படியே நிற்கின்றன, ஆனால் வானத்தைத் தகர ஷீட்டால் அடைத்து அட்டைப்பெட்டி குடோன் ஆக்கிவிட்டார்கள். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. தினமும் ஏதாவது வேலை நடக்கிற முற்றம்தான் இந்த ஊரில் தப்பிக்கிறது. அழகுக்காக யாரும் வானத்தை விட்டுவைப்பதில்லை. குறை சொல்லவும் மனசு வரவில்லை, இடத்துக்கு வாடகை அப்படி.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளின் வீதி. கண்ணாடிக் கடைகளுக்குப் பின்னால் உள்ள பட்டறைகளைப் பார்க்க ஆள் துணை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அழைத்துப் போனார். முற்றத்தின் மேலே கனத்த இரும்புக் கம்பிகள், திருடனுக்கும் சேர்த்து, குரங்குக்கும் சேர்த்து. கீழே ஆசாரிகள் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஊதுகுழலால் தீயைத் திருப்பி நகையின் இணைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இந்த முற்றத்தில் பெருக்கிய குப்பையைத் தெருவில் கொட்டமாட்டார்கள். அரம் போடும்போது சிதறும் பொன்தூள் அதில் இருக்கிறது. சேர்த்துவைத்து, அலசிப் பிரித்தெடுப்பார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னது பக்திக்கு மட்டும் அல்ல என்று அப்புறம் புரிந்தது.

விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் பத்துத்தூண் சந்து. இதை அவசியம் பாருங்கள். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனை இன்றைய மகாலைவிடப் பல மடங்கு பெரியது. பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதி பிரிக்கப்பட்டுத் திருச்சிக்குப் போனது என்பார்கள். போகாமல் மிஞ்சிய பத்துக் கல்தூண்கள் இந்தச் சந்தில் வரிசையாக நிற்கின்றன, கூரை இல்லாமல். நைட்டி, லுங்கி, உள்பாவாடை மூட்டைகளுக்கு நடுவே, வளர்ந்த பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தியதுபோல. ஒரு காலத்தில் அரண்மனைக்கு உள்ளே இருந்த இடம் இப்போது ஜவுளிச் சந்து. சரக்கு இறக்கும் தள்ளுவண்டிக்காரர் “ஓரம் ஓரம்” என்று அதட்டுவார், ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. வாசலில் சௌராஷ்டிர மொழி, நம்மைப் பார்த்ததும் மதுரைத் தமிழ். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறார். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது, பிரித்தால் வெள்ளைப் புள்ளி. 2005-ல் புவிசார் குறியீடு வந்தாலும் கடையில் தொங்குவதில் பெரும்பாலும் அச்சுச் சுங்குடிதான். “முடிச்சுச் சேலைன்னா தடவிப் பாரு, புள்ளி புடைச்சிருக்கும்” என்றார். முற்றத்துக் கொடியில் சாயம் போட்ட இரண்டு சேலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

போகிறவர்களுக்கு: காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நடங்கள். கடை திறந்து துணிகளைத் தொங்கவிட்டதும் பாதிக் கதவுகள் மறைந்துவிடும். கேட்காமல் உள்ளே போகாதீர்கள், போனை வெளியே எடுக்குமுன்பும் ஒரு வார்த்தை கேளுங்கள். மத்தியானம் ஒன்றுக்கு மேல் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கண் அயர்வார்கள். அந்த நேரத்துக்கு விளக்குத்தூணிலேயே ஜிகர்தண்டா கிடைக்கும்.