கட்டைப்பையில் ஊர் பார்த்த செம்பி

போன ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரத்தில், மதுரையில் எங்கள் தெருமுனையில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் மணல் குவியலுக்குப் பின்னால் ஐந்து நாய்க்குட்டிகள் கிடந்தன. போகியன்று எண்ணிப் பார்த்தபோது மூன்று இருந்தன. காணும் பொங்கலன்று ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் ஏழு மாத வயதைத் தாண்டியவை 19 சதவீதம் மட்டுமே என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருக்கணக்கும் ஐந்தில் ஒன்றுதான். அந்த ஒன்றை என் மகள் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். செவலை நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, வயிறு நிறையப் புழு. செம்பி என்று பெயர் வைத்தோம்.

என் அப்பா வயற்காட்டு வீட்டில் நாய்களோடு வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த நாய் வளர்ப்பில் மூன்று பொருள்கள் உண்டு: ஒரு சங்கிலி, ஒரு ஈயத்தட்டு, மூலையில் சாத்தி வைத்த ஒரு கம்பு. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை அவர் நாய்க்கும், நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்களுக்கும் ஒன்றுபோலவே பயன்படுத்தினார். அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் வளர்த்த நாய்கள் அவர் வரப்பில் நடந்தால் பின்னாலேயே நடந்தன. ஆனால் அவர் கையைத் தூக்கினால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டதும் அதே நாய்கள்தான். செம்பியை அடிக்காமல் வளர்ப்பது என்று நான் முடிவெடுத்ததற்குப் பின்னால் பெரிய தத்துவம் ஏதுமில்லை. அந்த ஒட்டிக்கொள்ளலைத் திரும்பப் பார்க்க மனமில்லை, அவ்வளவுதான்.

முதல் சிக்கல் வயதால் வந்தது. நாய்க்குட்டி எதையெல்லாம் பயப்படத் தேவையில்லாத பொருள் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு முதல் பதினான்காவது வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவர் ஆண்டுக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் இதை விரிவாக எழுதினார்கள். அதற்கு முன்பே, 1961-இல் வந்த ஓர் ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதர் நெருக்கமே இல்லாமல் உயர்ந்த வேலிக்குள் வளர்ந்த குட்டிகள் பிறகு எவ்வளவு பழக்கியும் காட்டு விலங்கைப்போல் விலகியே நின்றது பதிவாகியிருக்கிறது. எங்களிடம் வந்தபோது செம்பிக்கு ஏழு வாரம் இருக்கலாம் என்று பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்னார். அதே மருத்துவர், தடுப்பூசிகள் முடியும் வரை, அதாவது பதினாறு வாரம் வரை, தெரு மண்ணில் அவள் கால் படக்கூடாது என்றும் சொன்னார். நாய்க்குட்டிகளை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அவள் உடன்பிறந்தவை அதில் போயிருக்கவும் கூடும். ஊரைப் பார்க்க வேண்டிய வாரங்களும் ஊரைத் தொடக்கூடாத வாரங்களும் ஒன்றாகவே வந்து நின்றன.

இதற்கு விடை கொடுத்தது துணிக்கடையில் கொடுத்த ஒரு கட்டைப்பை. அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதில் செம்பியை உட்கார வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, நானும் மகளும் நாள்தோறும் மாலையில் இருபது நிமிடம் நடந்தோம். ஆட்டோ கிளம்பும் சத்தம், கரும்புச்சாறு பிழியும் இயந்திரம், கறிக்கடை வாசல், தலைக்கவசம் போட்ட முகம், குடை, ஊன்றுகோல், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கூச்சல், ஒருநாள் எதிர்பாராமல் மாரியம்மன் கோயில் முளைப்பாரி ஊர்வலமும் அதன் கொட்டும். ஒவ்வொன்றையும் அவள் பார்த்த உடனே வேகவைத்த கோழி ஈரல், மிளகு அளவு ஒரு துணுக்கு வாய்க்குள் போகும். அவள் காதை மடக்கிப் பைக்குள் அமிழ்ந்தால், அவளை அமர்த்துவதற்காக அங்கேயே நிற்காமல், பத்தடி பின்னால் போய், அவள் மறுபடி தலையைத் தூக்கும் தூரத்தில் நின்று கொடுப்போம். கூட்டத்துக்குள் தள்ளினால் பழகிவிடும் என்பது பலர் செய்யும் தவறு; பழகியதுபோல் தெரிவது பெரும்பாலும் உறைந்துபோனதுதான்.

அப்பா இந்த ஈரலுக்கு வைத்த பெயர் லஞ்சம். எனக்கு முதலில் பதில் தெரியவில்லை, பிறகு சொன்னேன்: லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டுவது, கூலி வேலைக்குப் பின்னால் கொடுப்பது. இது வெறும் வாதம் இல்லை, செய்முறையே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஈரலைக் காட்டிக் காட்டி உட்கார வைத்தால் ஈரல் தெரிந்தால்தான் உட்காருவாள். உட்கார்ந்த அந்த நொடியிலேயே ‘சபாஷ்’ என்று ஒரு சொல், அதன் பிறகு பையிலிருந்து ஈரல் என்று வைத்துக்கொண்டால், அவள் ஈரலைத் தேடாமல் சொல்லைத் தேடத் தொடங்குகிறாள். மேல்நாட்டில் இதற்குக் கிளிக்கர் என்று, அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு நாக்கு போதுமானதாக இருந்தது. முக்கியமானது நொடி. இரண்டு மூன்று நொடி தாமதித்தாலே, உட்கார்ந்ததற்குக் கிடைக்க வேண்டிய கூலி எழுந்து குதித்ததற்குக் கிடைத்துவிடும்.

புரட்டாசி மாதம் முழுவதும் வீட்டில் கறி கிடையாது என்பதால் கூலி பனீருக்கும் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் மாறியது. அவளுக்கு அதில் குறை ஏதுமிருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் விவகாரத்தில் நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன், இடையில் மணிக்கு ஒருமுறை என்று கொல்லைக்குத் தூக்கிப்போனோம். அங்கே போனால் சபாஷ். உள்ளே போய்விட்டால் யாரும் எதுவும் சொல்லாமல் துடைத்தோம். மூக்கை அதில் தேய்க்க வேண்டும் என்பது அப்பா காலத்து முறை. அப்படித் தேய்க்கப்பட்ட நாய் கற்பது வீட்டுக்குள் போகக்கூடாது என்பதை இல்லை, மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்பதை. பிறகு அது கட்டிலுக்கு அடியில் போகும். ஏழு வாரத்தில் விவகாரம் முடிந்தது.

கடிதான் நீண்ட கதை. குட்டியின் பால் பற்கள் இருபத்தெட்டும் ஊசி. நான்காவது மாதத்திலிருந்து அவை விழுந்து, நாற்பத்திரண்டு நிலைப்பற்கள் வரும் வரை ஈறு அரித்துக்கொண்டே இருக்கும். செம்பியின் விருப்பமான இலக்கு அப்பாவின் வேட்டி நுனி. நடந்தால் அசைகிறது, உதறினால் இன்னும் அசைகிறது, அதட்டினால் அவரும் சேர்ந்து ஆடுகிறார். ஒரு குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. மரம்போல அசையாமல் நிற்க வேண்டும், அவள் விட்ட நொடியில் முறுக்கிய பழைய பருத்தித் துணியைக் கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு நாய்க்குட்டிக்காக நடுக்கூடத்தில் சிலையாக நிற்பதா என்று கேட்டார். இரண்டு வேட்டிகள் கிழிந்த பிறகு நின்றார். உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் செம்பிக்குக் கொடுத்த பயிற்சி கொஞ்சம், எங்களுக்கு நாங்கள் கொடுத்துக்கொண்ட பயிற்சிதான் அதிகம். ஈரத்துணியை முறுக்கி உறைபெட்டியில் வைத்துக் கொடுத்ததும் ஈறுக்கு நன்றாக உதவியது.

இனி, நான் எழுத விரும்பாத பகுதி. ஐந்தாவது மாதத்தில், புதிதாக வாங்கிய என் தோல் செருப்பு ஒன்றை அவள் வாரைத் தனியாகவும் அடியைத் தனியாகவும் பிரித்துப் போட்டிருந்தாள். நான் அலுவலகத்திலிருந்து வேறு ஏதோ கோபத்தோடு வந்திருந்தேன். வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவளின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். செருப்பைக் கடித்தது எப்போதோ. அடி விழுந்ததோ என்னை வரவேற்க வந்தபோது. அவள் கணக்கில் அது எதற்கான அடி என்று யோசித்துப் பார்த்தால், நான் வீட்டுக்கு வந்ததற்கு அவள் மகிழ்ந்ததற்கானது என்பதைத் தவிர வேறு விடையில்லை. அடுத்த நாள் கொடியிலிருந்து துண்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். கூடத்தின் மறுகோடியில் இருந்தவள் தரையோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு கையை மீட்க மூன்று வாரம் ஆனது. தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் எந்த நாய்க்கும் கொஞ்சம் மிரட்சிதான். எனவே தரையில் உட்கார்ந்து, கையைத் தாழ்வாக நீட்டி, அவளே வந்து மோந்தால் மட்டும் மார்பில் தடவுவது, அவள் விலகினால் நானும் விலகிக்கொள்வது என்று தொடங்கினேன். முன்பு சொன்ன அதே கொல்கத்தா ஆய்வுக்கூடம் 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அறிமுகமில்லாத மனிதர் மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது, தெருநாய்களின் நம்பிக்கையைப் பெறுவதில் உணவைவிடத் தடவிக்கொடுப்பதே அதிகம் பயன்பட்டது என்று கண்டிருக்கிறார்கள். எனக்கு அது அந்த வாரங்களில் தெம்பு கொடுத்தது. கை எதையும் கொண்டுவராவிட்டாலும், அதுவே வேண்டியதாக ஆகமுடியும். அடியின் விலையைப் பற்றிய அளவும் இருக்கிறது: 2020-இல் போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஆராய்ந்தபோது, சங்கிலியை வெட்டியிழுத்தும் அதட்டியும் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக ஏறியிருந்தது, கொட்டாவியும் உதடு நக்கலும் அதிகம் தெரிந்தன. தூக்கம் வராமலே நாய் கொட்டாவி விட்டால் அது சலிப்பு இல்லை, சங்கடம் என்பதை நான் செம்பியிடம்தான் கற்றேன்.

இன்னொரு தவறு சிறியது, ஆனால் எல்லா வீடுகளிலும் நடப்பது. எங்கள் ஊரில் நாய்க்கு எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். தாய்மொழி தவிர வேறறியாத பாட்டிகூட நாயிடம் ‘சிட்’ என்பார். நாங்கள் உட்கார், இரு, விடு, வா என்று தமிழிலேயே வைத்துக்கொண்டோம். ‘வா’ என்றால் முதல் இரண்டு மாதம் பறந்து வந்தாள். பிறகு குளிப்பாட்டவும், உண்ணி எடுக்கவும், காதுக்கு மருந்து விடவும் அதே ‘வா’வைச் சொல்லிக் கூப்பிட்டோம். ஏழாவது மாதத்தில், வளரிளம் பருவத்துத் திமிரும் சேர்ந்துகொள்ள, ‘வா’ என்றால் நின்று யோசிக்கலானாள். கெட்டுப்போன சொல்லைத் திருத்துவதைவிடப் புதுச்சொல் எளிது. ‘ஓடியா’ என்று மாற்றினோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஈரலைத் தவிர எதுவும் வராது என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்யாத குறை. குளிப்பாட்ட வேண்டுமென்றால் கூப்பிடுவதில்லை, நாமே போய் அழைத்து வருகிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர், நாய்க்கு யார் எஜமான் என்று காட்டாவிட்டால் அது நம் தலைமேல் ஏறும் என்றும், அது சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பழக்க வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். ஓநாய்க்கூட்டத்தில் தலைவன் சண்டையிட்டு ஆள்கிறான் என்ற பழைய கருத்தின் நீட்சி இது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் தானே எழுதிப் பரப்பிய அந்தக் கருத்தை 1999-இல் தானே திருத்தி, காட்டிலுள்ள கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளுமான ஒரு குடும்பம்தான் என்று எழுதினார். தட்டு விஷயத்தில் நாங்கள் நேர்மாறாகச் செய்தோம்: அவள் சோறு தின்னும்போது அருகில் போனால், ஒரு துண்டு முட்டையைத் தட்டில் போட்டுவிட்டு நகர்வோம். இப்போது யார் நெருங்கினாலும் வாயை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். ஒருமுறை எலும்பைக் காத்துக்கொண்டு உறுமினாள், உறுமியதற்காக அதட்டவில்லை. உறுமல் அவளிடம் இருக்கும் எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை மணி அடிக்காமலே பல் பதியும்.

தீபாவளி வந்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். ஆவணியிலிருந்தே கைப்பேசியில் வெடிச்சத்தத்தைக் கேட்கக்கூட முடியாத அளவில் ஒலிக்கவிட்டு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, சத்தம் வந்தால் ஈரல் என்று பழக்கியிருந்தோம். காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று தமிழ்நாட்டில் வெடிக்க இரண்டு மணி நேரம்தான் அனுமதி, அது காகிதத்தில். எங்கள் தெருவில் முந்தைய இரவே பத்தாயிரம்வாலா தொடங்கிவிட்டது. கைப்பேசிச் சத்தம் தரையை அதிர வைப்பதில்லை, புகை விடுவதில்லை. எங்கள் மூன்று மாதப் பயிற்சி பாதிதான் நின்றது. அவள் மூச்சிரைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக அலைந்தாள்.

சன்னல் இல்லாத சாமான் அறையில் பாயை விரித்து, மின்விசிறியை உச்சத்தில் வைத்து, மிக்சியை மூடியிருந்த கனத்த துணியைக் கதவிடுக்கில் செருகினேன். பயத்தில் இருக்கும் நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்பது பொய். பயம் கூலிக்காக வருவதில்லை. யாராவது உள்ளே அவளோடு உட்கார வேண்டும் என்றேன். அப்பாதான் போனார். பத்து மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தபோது, வேட்டி மடிப்பில் அவித்த கிழங்குத் துண்டுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதியை அவள் தின்னவில்லை. அவை பாயில் கிடந்தன. ஆனால் தாடையை அவர் உள்ளங்கையில் வைத்திருந்தாள். லஞ்சம் தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் அவித்துக் கொண்டுவா என்று மெல்லிய குரலில் சொன்னார்.