அம்மாவின் முழங்கால்

மின் அக்குபஞ்சர் சிகிச்சைக்காக முழங்காலைச் சுற்றிக் குத்தியிருந்த நான்கு ஊசிகளிலும் மெல்லிய கம்பிகளைக் கவ்வவிட்டு மருத்துவர் குமிழைத் திருகியதும், ஈ அமர்ந்த மாட்டின் தோலைப்போல அம்மாவின் தசை சீராகத் துடிக்கத் தொடங்கியது.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார்.

நொடிக்கு 2 முறை துடிக்கும் மின்சாரம், வலியைத் தணிக்க உடலே உண்டாக்கும் பொருள்களில் எண்டார்பினையும், 100 முறை துடிப்பது டைனார்பினையும் சுரக்கச் செய்வதைப் பீகிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜிஷெங் ஆய்வுகளில் காட்டினார்.

தேய்ந்த மூட்டு இதனால் வளர்ந்துவிடாது. வலி தணிவதும் ஆளுக்கு ஆள் மாறும்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்களுக்கு இந்த மின்தூண்டல் ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். அந்தக் கேள்வியில்தான் எனக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது.

திரும்பும்போது மும்பையின் மாதுங்கா ரயில் நிலையப் படிகளில் அம்மா இரண்டே இடத்தில்தான் நின்றார்.