காபிக்கு முன்னால் ஒரு கணக்கு

காலை ஐந்தரைக்கு இரும்பு மாத்திரை, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு. காபி ஏழு மணிக்கு முன்னால் கிடையாது. காபியோ டீயோ கூடவே போனால் இரும்பு உடம்பில் ஒட்டாது. கால்சியம் மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. அதுவும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது, குறைந்தது ரெண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாதம் ஒருதடவை பி12 ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பன்னிரண்டு வருஷமாக என் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2013 ஜூனில் சென்னையில் எனக்கு எடைகுறைப்பு ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 36, உயரம் 158 செ.மீ., எடை 127 கிலோ. ரெண்டு வேளை இன்சுலின். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறினால் பாதிப்படியில் உட்கார வேண்டும். என் காப்பீட்டில் உடல்பருமன் சிகிச்சைக்கு இடமே இல்லை. நகையை அடகு வைத்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினோம். லோயர் பெர்த்தில் நான் படுத்த பிறகு இவருக்கு உட்காரக்கூட இடமில்லை, விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் மாத்திரை டப்பாவைத் திறக்கத் தோன்றும்.

செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலைக் கொஞ்சம் கீழே வெட்டி அந்தப் பையோடு நேராக இணைத்துவிடுவார்கள். மிச்சப் பெரிய இரைப்பை வெளியே போவதில்லை. உள்ளேயே சோறு காணாமல் சும்மா கிடக்கும். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் தாண்டிப் போகும். இரும்பை உறிஞ்சுவது முக்கியமாக அந்த முதல் பகுதிதான். பி12 சேர்வதற்கும் இரைப்பையின் சுரப்பு வேண்டும். ஆகவே மாத்திரை ஆயுசுக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே தெளிவாகச் சொன்னார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். 127 கிலோவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு 'ஆயுசுக்கும்' என்ற சொல் காதில் விழுமா?

முதல் ரெண்டு வருஷத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ரெண்டாவது மாதம் இன்சுலின் நின்றது. நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, ஒரு வருஷத்தில் திரும்ப வந்தது. எடை மளமளவென்று குறைந்ததில் பித்தப்பையில் கல் சேர்ந்து 2014இல் அதையும் எடுத்தார்கள். 72 கிலோவுக்கு வந்தேன். கையிலும் வயிற்றிலும் தோல் காலிப் பை மாதிரித் தொங்குகிறது. சித்திரை வெயிலில் மடிப்புக்குள் புண்ணாகும், பவுடர் போட்டுக்கொள்வேன். அந்தத் தோலை எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. அதற்கு அடகு வைக்க நகை இல்லை.

திருநெல்வேலிக்காரி அல்வா சாப்பிட முடியாமல் இருப்பது ஒரு தனிக் கதை. ஆறாவது மாதம் ஒரு துண்டு, விரல் நுனி அளவு, வாயில் போட்டேன். சூடாக, நெய் வழிகிற துண்டு. பதினைந்து நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, வயிறு புரட்டி, உடம்பெல்லாம் வேர்த்துத் தரையில் படுத்துவிட்டேன். இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் போய் இறங்கியதும் உடம்பு தண்ணீரையெல்லாம் அங்கே இழுத்துக்கொள்கிறது. டம்பிங் என்பார்கள். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். பயமாக இருக்குமே தவிர, எதனால் வந்தது என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த தடவை கை தானாகப் பின்வாங்கும்.

தெரியாமல் வருவதுதான் மோசம். மூன்றாவது வருஷம், கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் இருந்தேன். மதியம் ரெண்டரை மணி. ஒரு பெரியவருக்கு நோட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கை நழுவியது. திரும்ப எண்ணினேன், திரும்பவும் நழுவியது. விரல் நடுங்கியது, கண்ணுக்கு முன்னால் புகை மாதிரி. "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று அவர்தான் கேட்டார். அலுவலகத்தில் சர்க்கரைக்காரர் ஒருவர் குளுக்கோமீட்டர் வைத்திருந்தார். பார்த்தால் 46. ஒரு காலத்தில் 300ஐத் தாண்டி நின்றவளுக்கு 46!

ஒரு மணிக்கு நான் சாப்பிட்டது எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். அல்வா இல்லை, சாதம்தான். மாவுச்சத்து வேகமாக உள்ளே போனதில் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறி, அதற்கு உடம்பு தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து மொத்தமாக இறக்கிவிட்டது. இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. அதுவரை நானே கண்டுபிடித்த வைத்தியம் கைப்பையில் லட்டு. லட்டைத் தின்றால் தெளியும், ஒன்றரை மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும், மறுபடியும் லட்டு. வாரத்துக்கு மூன்று நாள் இந்த ராட்டினம்.

கடைசியில் ஒரு சர்க்கரை மருத்துவர், ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டது, சாப்பிட்ட நேரம், அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவரச் சொன்னார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சோற்றைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னார். முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ, அப்புறம் காய், இடம் இருந்தால் ரெண்டு கரண்டி சோறு. அகார்போஸ் என்ற மாத்திரையும் கொஞ்ச நாள் கொடுத்தார். மாவுச்சத்து சர்க்கரையாவதை அது மெதுவாக்கும். அதைச் சாப்பிடும் காலத்தில் சர்க்கரை இறங்கினால் லட்டும் சீனியும் சீக்கிரம் வேலை செய்யாது, சீனி உடைவதையும் அது தடுத்துவிடும். குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். தெளிந்ததும் ஒரு கைப்பிடி வேர்க்கடலை தின்றால் மறுபடி இறங்காது. இப்போது கைப்பையில் லட்டு இருந்த இடத்தில் குளுக்கோஸ் பாக்கெட்.

2018இல் பச்சரிசிப் பைத்தியம் பிடித்தது. ஆப்பத்துக்கு ஊறவைத்த அரிசியை அள்ளி அள்ளித் தின்பேன். அந்த நறுக்கென்ற சத்தத்துக்காகவே ராத்திரி அடுக்களைக்குப் போவேன். மதினி ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்பாக. உனக்குக் கல்யாணம் முடிஞ்சு பதினெட்டு வருஷம் ஆச்சு, இனி யார் கல்யாணத்துக்குளா மழை?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். மாடிப்படியில் மறுபடியும் பாதியில் உட்கார ஆரம்பித்திருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எடை கூடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ஃபெரிட்டின் 4. இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போனால் பச்சரிசி, ஐஸ்கட்டி, மண் என்று எதையாவது கடிக்கத் தோன்றுமாம். மாத்திரை எனக்குப் போதாது, ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில், அரை மணி நேரத்துக்குள் ஏறி முடிந்தது, ஒரு வாரம் விட்டு இன்னொன்று. மூன்றாவது வாரம் ஊறவைத்த அரிசியைப் பார்த்தேன். வெறும் அரிசியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ரெண்டு தடவை ஏற்றியாகிவிட்டது. மாத்திரை நடுவில் தாங்கிப் பிடிக்க மட்டும்.

அடுத்தது என் வாயால் வந்த வினை. 2019 கடைசியில் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். "எனக்கு பைபாஸ் ஆயிருக்கு டாக்டர், வலி மாத்திரை எல்லாம் சேராது" என்றேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்தார். பிரஷர் பார்த்தார். "ஹார்ட் நல்லாத்தாம்மா இருக்கு" என்று பத்து நாளைக்கு வலி மாத்திரையே எழுதிக் கொடுத்தார். நம் ஊரில் பைபாஸ் என்றால் இதயம், இல்லாவிட்டால் மதுரைக்குப் போகிற ரோடு. வயிற்றில் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த 'தொடக்கூடாத' பட்டியலில் டைக்ளோஃபெனாக் என்று இருந்தது. அட்டையில் இருந்தது கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அதே டைக்ளோஃபெனாக். கண்ணாடி போட்டுப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். வலி குறைந்ததே, ஏன் படிக்கப்போகிறேன்?

ஒன்பதாம் நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும், பல வருஷமாகப் பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன். இரும்பின் கறுப்பு வேறு, இந்தக் கறுப்பு வேறு. இது பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றம் குடலைப் பிடுங்கும். பதினோராம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தேன். எண்டோஸ்கோப்பியில், சின்னப் பையும் குடலும் சேருகிற தையல் விளிம்பில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு.

இந்த ஆபரேஷன் பிறந்த கதையைப் பின்னால் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்துத்தான் 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் இதைத் தொடங்கினாராம். புண்ணில் பிறந்த வைத்தியம் எனக்குப் புண்ணைக் கொடுத்துவிட்டுப் போனது. கொடுத்தது நான்தான் என்றும் சொல்லலாம். மூன்று மாதம், வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற மருந்து. கேப்ஸ்யூலை அப்படியே விழுங்காமல் பிரித்து, உள்ளே இருக்கும் குருணையை ஒரு ஸ்பூனில் கொட்டிச் சாப்பிடச் சொன்னார்கள், என் வயிற்றில் கேப்ஸ்யூல் கரைய நேரம் இருக்காது என்று. அதற்குப் பிறகு ஒரு அட்டை அச்சடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்: 'வயிற்றில் பைபாஸ் ஆனவர். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் கூடாது. பாராசிட்டமால் மட்டும்.' நூறு அட்டை அடித்தால்தான் அச்சகத்தில் கட்டுப்படியாகும் என்றார்கள். தொண்ணூறு மிச்சம் இருக்கிறது.

இப்போது எடை 86. '72ல இருந்தவ திரும்பப் போட்டுட்டாளே' என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவது காதில் விழுகிறது. எங்கே போட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஒரு கிண்ணம் சுண்டல் தின்றால் வயிறு அடைத்துக்கொள்ளும். முறுக்கும் மிக்சரும் அப்படியில்லை. வாயில் தூளாகி, டீயோடு வழுக்கிக்கொண்டு போய்விடும், பைக்குள் தங்குவதே இல்லை. சாயங்காலம் அரைப் பாக்கெட் காலியானது தெரியாது. ஆபரேஷன் செய்தது வயிற்றில். நாலரை மணிக்கு அலுப்போடு வீட்டுக்கு வந்து டப்பாவைத் தேடுகிற கையில் யாரும் கத்தி வைக்கவில்லை. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை போன வருஷம் திரும்ப வந்தது. ஆனாலும் இன்சுலின் இல்லை, மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். ரயிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம். திரும்பச் செய்வாயா என்று கேட்டால் செய்வேன். ஆனால் பச்சரிசியையும் தாரையும் தெரிந்துகொண்டு செய்வேன்.

போன ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டுப் பந்தியில் எங்கள் ஊர் வழக்கப்படி சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். பந்திதான் எனக்கு இன்றும் சிரமம். பாதி இலையில் இருக்கும்போதே மூடினால் பரிமாறுகிறவர் முகம் வாடிவிடும். ஆரம்பத்தில் 'நல்லாயில்லையா மைனி?' என்ற கேள்விக்குப் பயந்தே கல்யாணங்களைத் தவிர்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஓரத்து இலையில் உட்கார்ந்து, "அரைக் கரண்டி போதும்ப்பா" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

எதிர்வரிசையில் முப்பது வயது இருக்கும், ஒரு பெண். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கூட்டை எடுத்தாள். ஒவ்வொரு வாயையும் மென்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை. பக்கத்துச் சின்னப் பையனிடம் நகர்த்தி வைத்தாள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான் என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். பாயசம் வந்தபோது இலையின் மேல் ரெண்டு கையையும் விரித்து மறித்தாள். நகங்கள் வெளுத்திருந்தன.

கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் போய் நின்று, "எந்த வருஷம்?" என்றேன்.

ஒரு நிமிஷம் முழித்தாள். அப்புறம், "2021க்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாத்திரை எல்லாம் சாப்பிடுறியா?"

"ஒரு வருஷம் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு விட்டாச்சு. எடையும் ஏறலை."

"அரிசி கிரிசி திங்கத் தோணுதா?"

அவள் குழாயை மூடினாள். "ஐஸ்க்கா," என்றாள் மெதுவாக. "ஃப்ரீசர்ல இருந்து எடுத்துக் கடிச்சுக்கிட்டே இருக்கேன். வீட்ல திட்டுறாக."

பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி என்று எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணச் சொன்னேன்.