ஊசியில் இருந்தது செல்லா, வெறும் உப்புநீரா?

மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கியும் என் ஈ.எஃப். 30-ஐத் தாண்டவில்லை. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 50-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. என் நிலையில் பாதி மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கவேண்டும், இரவில் தலையணைகளை அடுக்கிவைத்துத்தான் படுக்கமுடியும்.

பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி தசைச் செல்கள்வரை அழிந்துபோகலாம். புதிதாக உருவாவது மிகக் குறைவு: 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதம், 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன்-14-ஐ அளவுகோலாக வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டது இது. இதைப் படித்தபிறகு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) சிகிச்சை என்ற பேச்சு காதில் விழுந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

முதலில் விசாரித்த தனியார் கிளினிக்கில் கையில் டிரிப்ஸ் போல ஏற்றிவிட்டால் போதும் என்றார்கள். பக்கவிளைவே இல்லை என்றார்கள். பணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டவேண்டுமாம். எந்த வகைச் செல், எங்கிருந்து எடுப்பது, ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களின் எக்கோ (இதய ஸ்கேன்) முடிவுகள் என்ன என்று கேட்டால் நேரடியான பதில் இல்லை. என் இதய மருத்துவர் வேறு வழி காட்டினார்: ஒரு மருத்துவ ஆய்வில் சேருங்கள், அங்கே உங்களிடம் காசு வாங்கக் கூடாது, ஆனால் உங்களுக்குச் செல் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

சேர்வதற்கு முந்தைய கட்டம்தான் நீளமானது. இதயச் செயலிழப்புக்கான நான்கு வகை மருந்துகளையும் உடல் தாங்கும் உச்ச அளவுவரை ஏற்றி, மாதக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் தகுதியைச் சோதிப்பார்கள். என்னோடு காத்திருந்த ஒருவருக்கு மாத்திரைகளிலேயே ஈ.எஃப். வரம்பைத் தாண்டிவிட்டது, ஆய்வில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எனக்கோ அவர்மேல் பொறாமை. என் எண் நகரவில்லை. 35-க்குக் கீழேயே நின்றதால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் காப்பாற்ற ஐ.சி.டி. கருவியும் பொருத்தினார்கள்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். இதயச் சுவரில் ஓட்டை விழலாம், பக்கவாதம் வரலாம், இறக்கவும் நேரலாம் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தது. இந்தத் துறையின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். எலும்பு மஜ்ஜைச் செல்கள் இதயத் தசையாகவே மாறுகின்றன என்று 2001-இல் எலிகளை வைத்துச் சொன்னார்கள். 2004-இல் வேறு குழுக்கள் செய்துபார்த்தபோது அப்படி நடக்கவில்லை. 2018-இல் முதல் ஆய்வின் முக்கிய விஞ்ஞானியினுடைய 31 கட்டுரைகளைத் திரும்பப்பெற வேண்டும் என்று ஹார்வர்டே சொன்னது.

“இவ்வளவுக்கும் பிறகு எதற்கு டாக்டர் இது?” என்று கேட்டேன்.

“தசையாக மாறும் என்று இப்போது நாங்களும் சொல்லவில்லை. போடும் செல்களில் பெரும்பாலானவை கொஞ்ச நாளிலேயே மறைந்துவிடும். போவதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைத் தணித்து, சிறு ரத்தக்குழாய்கள் வளர உதவுகின்றனவா என்பதுதான் கேள்வி. பதில் தெரிந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர் போடவேண்டிய அவசியமே இல்லையே” என்றார். அந்தப் பதில் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சிகிச்சை நாளில் காலையிலேயே மஜ்ஜை எடுத்தார்கள். குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டபிறகு தடித்த ஊசியை இறக்கினார்கள். எலும்பைத் துளைக்கும்போது அழுத்தம் மட்டும்தான். சிரிஞ்சால் உறிஞ்சும்போதுதான் உயிர் போகிறது, காலுக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல. சில நொடிகள்தான், ஆனால் திரும்பத் திரும்ப. மரப்பு மருந்து எலும்பின் மேல்தோல்வரைதான் வேலை செய்யும், உள்ளே எட்டாது என்று நர்ஸ் சொன்னார். இதை முதல்நாளே சொல்லியிருக்கலாம்!

ஆய்வகத்தில் செல்களைப் பிரித்தெடுக்கும்வரை காத்திருந்து, மதியம் கேத் லேபுக்கு, அதாவது ஆஞ்சியோ செய்யும் அறைக்குப் போனோம். லேசான மயக்கம்தான், பேச்செல்லாம் காதில் விழுந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, உட்சுவரைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் திரையில் ஒரு வரைபடம் உண்டாக்கினார்கள். தழும்பான இடம் சிவப்பு, நல்ல தசை ஊதா. இரண்டுக்கும் நடுவே குற்றுயிராக இருக்கும் ஓரப்பகுதிதான் அவர்களுடைய இலக்கு. ஒவ்வொரு முறை ஊசி உள்ளே இறங்கும்போதும் துடிப்பு ஒன்று தப்பி, நெஞ்சில் ‘தொப்’பென்று விழுந்தது. ஊசி சரியாகப் பதிந்ததற்கு அதுவும் ஓர் அடையாளமாம். வலி இல்லை, ஆனால் பழகவும் இல்லை. சிரிஞ்சுகளைச் சுற்றி ஒளிபுகாத உறை. போடுகிற டாக்டருக்கே உள்ளே என்னவென்று தெரியாது.

அப்புறம் காலை மடக்காமல் பல மணிநேரம் படுக்கை. இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா என்று எக்கோ பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதியானபிறகு வீட்டுக்கு விட்டார்கள்.

அதற்குப் பின் எல்லாம் பரிசோதனைதான்: ரத்தத்தில் பி.என்.பி. (இதயம் திணறும்போது கூடும் பொருள்) அளவு, ஆறு நிமிட நடை, மூச்சுத்திணறல் எப்படி, மனநிலை எப்படி என்று கேள்வித்தாள்கள். முன்பைவிட அதிக தூரம் நடக்கிறேன். “உங்களுக்குச் செல்தான் போட்டிருக்காங்க, பாருங்க” என்கிறாள் மனைவி. எனக்கு அந்த நிச்சயம் இல்லை. இந்த இடைவெளியில் மருந்தை ஒருவேளைகூட விடவில்லை, உப்பைக் குறைத்தேன், மறுவாழ்வுப் பயிற்சிக்கும் போகிறேன். உப்புநீர் போட்டவருக்கும் இதெல்லாம் பலன் தரும். வேறு வகைச் செல்லை வைத்து 500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து, 2023-இல் முடிவு வெளியான ஆய்விலும், மருத்துவமனையில் மீண்டும் மீண்டும் சேர்வது குறையவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் குறைந்திருந்தன.

கடைசியாகச் சேர்ந்தவருக்கு ஒரு வருடம் முடிந்தபிறகுதான் யாருக்கு எது போட்டார்கள் என்று சொல்வார்கள். அடுத்த எக்கோவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், போகவேண்டும்.