அரவைக் காலத்துப் பேரிங்குகள்

சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் அடுத்த சில மாதங்களுக்கு எந்தச் சுழல்தண்டையும் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வழியில்லை. வெட்டிய கரும்பு வண்டிகளில் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைந்துகொண்டே போகும். நான் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த முதல் பருவத்தில், கொதிகலனின் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐ.டி. விசிறியில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் சூடாகிறது என்று நள்ளிரவு கடந்து ஓர் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது, வழக்கமாக 65 பாகை செல்சியஸில் இருக்கும் பேரிங் கூடு 94 பாகையைத் தொட்டிருந்தது. சூடு ஏறினால் உயவு போதவில்லை என்றுதான் அன்று எனக்குத் தெரியும். கிரீஸ் கன்னை எடுத்துவரச் சொல்லி மேலும் கிரீஸ் ஏற்ற வைத்தேன். அரை மணி நேரத்தில் வெப்பநிலை 99 ஆனது.

அப்போது பணியில் இருந்த மூத்த ஃபிட்டர் அருகில் வந்து, “சார், இதுக்கு மேல வைக்காதீங்க. அதுக்கு மூச்சு முட்டுது” என்றார். கூட்டின் அடியில் பெயின்ட் பூசி மூடிக் கிடந்த வடிகால் திருகை ஸ்பேனரால் தட்டித் தளர்த்திக் கழற்றினார். கருத்து இளகிய கிரீஸ் கயிறுபோலத் திரண்டு இறங்கத் தொடங்கியது. ஒரு தகர டப்பா ஏறக்குறைய நிறைந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கூடு 80 பாகைக்குக் கீழே வந்துவிட்டது.

கிரீஸ் என்பது சோப்பின் இழைகளுக்குள் பிடித்துவைத்த எண்ணெய். உருளைகள் தங்கள் பாதையில் கிடக்கும் கிரீஸை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு ஓடவேண்டும். ஒதுங்கி நிற்கும் கிரீஸிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பாதையை நனைக்கவேண்டும். கூடு முழுவதும் அடைத்துவிட்டால் ஒதுங்குவதற்கு இடம் ஏது? நிமிடத்துக்கு 980 சுற்று ஓடும் உருளைகள் அந்தக் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதால் சூடு ஏறும், சூட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும், நீர்த்த எண்ணெயின் படலம் மெலியும், படலம் மெலிந்தால் உலோகம் உலோகத்தில் உரசிச் சூடு மேலும் ஏறும். இந்தச் சுழலுக்குள் இன்னும் கிரீஸை ஏற்றியது நான்தான்.

மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அங்கே இருந்தது 22220 எண்ணுள்ள, இரட்டை வரிசை உருளை பேரிங். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 100 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 180, அகலம் 46. வெளிவிட்டத்தை அகலத்தால் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் ஒரு தடவைக்கு ஏற்றவேண்டிய கிரீஸின் அளவு கிராமில் வரும். எங்களுக்கு வந்த விடை 41 கிராம். ஆய்வகத்துத் தராசில் கிரீஸ் கன்னின் பத்து அழுத்தலை நிறுத்துப் பார்த்ததில் 12 கிராம் வந்தது. ஆக, முப்பத்தைந்து அழுத்தல் போதும். அதுவும் சில வாரங்களுக்கு ஒருமுறை. எங்கள் ஆயில்மேன் ஒவ்வொரு ஷிஃப்டிலும், சீல் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கும்வரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவரை அக்கறையற்றவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரும்பை அரவைக்குக் கொண்டுசெல்லும் கேரியரின் தண்டுகளில் புதிய கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்றுவதுதான் சரியான முறை. அங்கே தண்டு மிக மெதுவாகச் சுற்றுகிறது. கடைந்து சூடாவதற்கான வேகமே கிடையாது. உள்ளே புகுந்த சாற்றையும் சக்கைத் தூளையும் மண்ணையும் வெளியே தள்ள அதைவிட எளிய வழியும் இல்லை. அவர் கேரியரில் கற்றுக்கொண்ட நல்ல பழக்கத்தை விசிறிக்கும் கொண்டுபோயிருந்தார். ஒரே ஆலைக்குள் ஒரு பேரிங்கைக் காக்கும் கை இன்னொன்றைக் கெடுக்கிறது என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அது எங்கள் தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கிரீஸைக் குறைத்த பிறகும் அந்தப் பேரிங் முழுதாக அடங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் மீண்டும் 85-ஐத் தாண்டியது, கூடவே ஒரு முனகலும் வந்தது. ஆவிகலன்களைச் சுத்தம் செய்ய அரவையை நிறுத்திய நாளில் கூட்டைத் திறந்தோம். வெளி வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பியபோது, இரண்டு ஓடுபாதைகளில் ஒன்று மங்கித் தேய்ந்து, ஆங்காங்கே செதில் பெயர்ந்திருந்தது. மற்றொன்றிலோ தொழிற்சாலையில் தேய்த்து மெருகேற்றிய கோடுகள்கூட அழியாமல் இருந்தன. இரண்டு வரிசை சுமக்கவேண்டிய பாரத்தை ஒரே வரிசை சுமந்திருக்கிறது என்றால், தண்டை நீளவாக்கில் ஏதோ நெட்டித் தள்ளியிருக்கவேண்டும்.

காரணம் அடுத்த கூட்டில் கிடைத்தது. இரண்டு பேரிங்குகளில் ஒன்றுதான் தண்டின் இடத்தை நிலைநிறுத்தவேண்டும். மற்றது கூட்டுக்குள் நகர விடப்படவேண்டும். சூடான புகையில் சுற்றும் தண்டு நீளும். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு, ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும் என்று கொண்டால், இரண்டு மீட்டர் தண்டு 50 பாகை ஏறும்போது 1.2 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. முந்தைய பழுதுபார்ப்பில் யாரோ இரண்டு கூடுகளிலும் நிலைநிறுத்தும் வளையங்களைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். வளையங்கள் சாமானோடு வந்தன, ஆகவே போட்டார்கள். நீள இடமில்லாத தண்டு இரண்டு பேரிங்குகளையும் எதிரெதிரே அழுத்திக்கொண்டிருந்தது. மோட்டார் பக்கத்து வளையங்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கத்து வளையங்களை எடுத்துவிட்டோம். புதிய பேரிங்கைத் தண்டில் மாட்டிய கூம்புச் சட்டையின் மேல் ஏற்றும்போது, நட்டை இறுக்க இறுக்க உருளைகளுக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி குறைவதை, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் பார்த்துப் பார்த்து, 0.05 மில்லிமீட்டர் குறைந்ததும் நிறுத்தினோம். கூடு 62 பாகையில் நின்றது.

நீராவியால் சுழலும் டர்பைன் பக்கம் வந்தால் எல்லாமே வேறு. அங்கே உருளைகள் இல்லை. வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த வெள்ளை உலோகம் பூசிய இரண்டு அரைவட்ட ஓடுகள் மட்டுமே. 100 மில்லிமீட்டர் தண்டு நிமிடத்துக்கு 7500 சுற்று ஓடும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு 39 மீட்டர் நகர்கிறது. அந்த வேகத்தில் தண்டு தானே எண்ணெயை ஆப்புப்போல ஒடுங்கும் இடைவெளிக்குள் இழுத்து, அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது. இங்கிலாந்தில் 1883-இல் பூஷாம்ப் டவர் என்ற பொறியாளர் பேரிங் ஒன்றின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காகத் துளை போட்டபோது, எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் எண்ணெய் வெளியே தள்ளியது. அதன் காரணத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் 1886-இல் கணிதமாக எழுதிக் காட்டினார். கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த அந்தச் சமன்பாடு, ஆலையில் ஒரு துண்டு ஈயக் கம்பியாகத்தான் எனக்கு விளங்கியது.

அரவை முடிந்து டர்பைனைத் திறக்கும்போது, மெல்லிய ஈயக் கம்பியைத் தண்டின் மேல் வைத்து, மேல் ஓட்டை மூடிப் போல்ட்டை இறுக்கி, மறுபடியும் திறப்போம். கம்பி தட்டையான நாடாவாகியிருக்கும். அதன் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தால் அதுவே இடைவெளி. விட்டத்தில் ஆயிரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர்வரை இருக்கலாம். இடைவெளி கூடிப்போனால் எண்ணெய் தங்காமல் ஓடிவிடும். குறைந்துபோனால் சூட்டை ஏந்திச் செல்லப் போதுமான எண்ணெய் உள்ளே புகாது. இங்கே எண்ணெய் உயவுப்பொருள் மட்டுமல்ல, குளிர்விப்பதும் அதுதான்.

ஒரு பருவத்தில் மின்சாரம் திடீரென்று போய் டர்பைன் நின்றது. வேகம் குறையக் குறைய டர்பைனோடு இணைந்த எண்ணெய்ப் பம்பின் அழுத்தமும் விழும். அந்த நிமிடங்களில் பேட்டரியில் ஓடும் பம்ப்தான் காப்பாற்றவேண்டும். பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததால் அது ஓடவில்லை. திறந்தபோது வெள்ளை உலோகம் மெழுகுபோல இழுபட்டு, எண்ணெய்க் காடியை மூடியிருந்தது. தண்டில் ஒரு கீறலும் இல்லை. 240 பாகையை ஒட்டி இளகிவிடும் மென்மையான உலோகத்தை அங்கே வைத்திருப்பதன் நோக்கமே அதுதான். அன்றிலிருந்து வாரந்தோறும் அந்தப் பம்பை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடும் பதிவேடு ஒன்று இருக்கிறது.

கரும்பை நசுக்கும் அரவை உருளைகளின் பேரிங்குகள் எனக்கு இன்னும் நிம்மதி தராதவை. நூறு டன்னுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிமிடத்துக்கு ஐந்து சுற்று ஓடும் 400 மில்லிமீட்டர் தண்டின் மேற்பரப்பு நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்தான் நகர்கிறது; மிதக்கும் அளவுக்குப் படலம் அங்கே ஒருபோதும் உருவாவதில்லை. தார்போலக் கெட்டியான எண்ணெயும், அதில் கலந்த சேர்மங்கள் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பூச்சும், வெண்கல ஓட்டுக்குள் ஓடும் குளிர்நீரும் சேர்ந்து ஒரு பருவத்தைக் கடத்துகின்றன. பக்கத்திலேயே சாறு தெறிக்கிறது. சென்ற ஆண்டு சாறு புகாமல் தடுக்கத் தண்டின் இரு ஓரத்திலும் புதிய ரப்பர் வளையங்களைப் பொருத்தினோம். வரிசையாக நிற்கும் அரவை இயந்திரங்களில் இரண்டாவதன் வெண்கல ஓடுகள் இந்த முறை குறைவாகத் தேய்ந்திருக்கின்றன. நான்காவதில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அங்கே மட்டும் சாறு எந்த வழியாக நுழைகிறது என்பதை இந்தப் பழுதுபார்ப்புக் காலத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.